கூந்தல் கொடுத்தவள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு, பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்திலிருந்து கூந்தல் தானம் வாங்க வந்தார்கள். சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்கு விக் செய்வதற்காக. அறிவிப்பை எழுதியவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். மனிதவளப் பிரிவில் வேலை. அறிவிப்பை எல்லோரும் பாராட்டினார்கள். முடி கொடுக்கத்தான் யாரும் வரவில்லை.

கடைசியில் அசெம்பிளி லைனிலிருந்து ஒரு ராமநாதபுரத்துப் பெண் வந்தாள். ஒல்லியாக, கறுப்பாக இருப்பாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டே பேசுவாள். தொப்பியைக் கழற்றியதும் முடி இடுப்புக்குக் கீழே இறங்கியது. எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னாடி, ஞாயித்துக்கெயம பொண்ணு பாக்க வராங்கன்னு சொல்லிகினு இருந்தே? கிராப்பு வெச்சிகினா நிக்கப்போற?" என்றாள் பக்கத்து லைன் அக்கா.

"முடியத்தான் பாக்க வர்றாகன்னா, அது ஆஸ்பத்திரில இருக்குன்னு வழி சொல்லிர்றேன்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்க குடுக்கலயா மேடம்?" என்று கேட்டாள். எனக்கும் வரன் பார்க்கிறார்கள் என்றேன். அவள் கேலி செய்திருந்தால்கூடத் தேவலை; "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள்.

மையத்தின் செய்திமடலில் கழுத்தளவு முடியோடு அவள் படம் வந்தது. கீழே நான் எழுதிய நாலு வரி. என் பெயர் இல்லை. அவளைப் பார்க்க வந்த அந்தச் சம்பந்தம் தட்டிப்போகட்டும் என்று உள்ளுக்குள் நினைத்தேன்.

அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். என் பின்னலை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு வாங்கிக்கொண்டேன்.