சுண்ணாம்பாகிப் போன நத்தைகள்

நூலகத்தின் வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். "தரமற்ற கைவேலை காரணமாக முன்சுவர் சேதமடைந்துள்ளது." அந்தக் கைவேலை என் அத்தையுடையது. நான் அவர் வீட்டில் வளர்ந்தவன், என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

அத்தை மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். மதியம் ஷிப்ட் முடிந்ததும் பழைய கல்குவாரிக்குப் போவார். ஒரு காலத்தில் கடலில் ஊர்ந்து, பிறகு கல்லாகிப்போன நத்தைகளும் சிப்பிகளும் அங்கே மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் அச்சு விழும். அந்த அச்சோடு களிமண்ணைச் சுவர் ஓடாகச் சுடுவார். தெருவில் அவருக்கு நத்தைக்காரி என்று பெயர். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் ஓடுகள் காய்ந்துகொண்டிருக்கும்.

"இந்த வீட்ல மனுஷனுக்குப் பாய், நத்தைக்கு மெத்தை" என்பார் மாமா.

"நத்தை குறட்டை விடாதுல்ல" என்பார் அத்தை.

வேலையில் அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. மண்ணைக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுவார். கடுகளவு வெள்ளைக்கல்கூட மிஞ்சக் கூடாது. அந்த நத்தைகளே சுண்ணாம்புக்கல்தான். சூளையில் வெந்தால் நீற்றாத சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் பட்டதும் உப்பி, ஓட்டை உள்ளிருந்தே உடைக்கும்.

நூலகச் சுவருக்கு நானூறு ஓடு கேட்டு வந்த டிசைனர், "வெறும் அச்சு போதாதும்மா. நிஜக் கல்லே ஓட்டுல இருக்கணும். புள்ளைங்க தொட்டுப் பாக்கணும்" என்றார்.

"தாராளமா வைக்கலாம் சார். ஆனா சுட்டப்புறம்தான் ஒட்டணும். உள்ள வச்சு சுட்டா வெடிச்சிடும்."

"சரி, சரி" என்றார். இரண்டு முறை சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மூன்று மாதம் அத்தை ஓடு செய்தார். திறப்பு விழாவை முன்தேதிக்கு மாற்றிவிட்டார்கள். அத்தை ஷிப்டில் இருந்த ஒரு காலையில் டிசைனர் வேன் கொண்டுவந்து, பெரிய சூளைக்கு என்று சொல்லி, சுடாத ஓடுகளையும் கூடை நிறைய நத்தைகளையும் ஏற்றிப் போனார். ஒட்டுகிற வேலை மிச்சம் என்று, ஒவ்வொரு அச்சிலும் கல்லை அழுத்திவைத்தே சுட்டுவிட்டார்கள். அத்தை சுவரைப் பார்த்தபோது எல்லாம் பதித்து முடிந்திருந்தது. விழாவில் டிசைனருக்கு மாலை. அத்தை கத்தியது மைக் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

பத்தாம் நாள் மழை பெய்தது. ஓடுகள் பொரிபோலப் பொரிந்து உதிர்ந்தன. மறுநாள் அந்தக் காகிதம்.

அத்தை சீருடையோடே நூலக அதிகாரியின் அறைக்குப் போனார், நானும் கூடப் போனேன். டிசைனரும் அங்கே இருந்தார்.

"கைவேலைன்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும்" என்றார் டிசைனர்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மூலையில் கிடந்த மீதி ஓடுகளில் ஒன்றை அத்தை எடுத்தார். அதிலிருந்த நத்தையைப் பெயர்த்து, அதிகாரி குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் போட்டார். உஸ்ஸென்று சீறி, நத்தை வெள்ளைக் கூழாகக் கரைந்தது.

"டம்ளரைத் தொடுங்க சார்."

அதிகாரி தொட்டுவிட்டு, சுட்ட விரலை உதறினார்.

"இத உள்ள வச்சு சுட்டது யாருன்னு அவர கேளுங்க. மிச்சம் இருக்கறதும் விழும். அதுக்குக் கீழதான் புள்ளைங்க செருப்பு கழட்டுது. இன்னிக்கே எல்லாத்தையும் எடுக்கணும்."

டிசைனர் சிரித்தார். "நீங்களே எடுத்தீங்கன்னா, தப்பு உங்களதுதான்னு ஆயிடும். யோசிச்சுக்குங்க."

அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் அத்தை, விடுங்கள், அவர்கள் தலையில் விழட்டும் என்று சொன்னேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவங்க தலையிலயா விழும்? ஏணிய எடுடா" என்றார்.

உளியும் சுத்தியலுமாக அத்தை ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் காய்ந்த ஓடுகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. "பாத்தியா, நத்தைக்காரியே ஒத்துக்கிட்டா" என்று ஒருவர் சிரித்தார்.

அத்தை ஏணியிலிருந்தே திரும்பினார். "ஆமாய்யா, ஒத்துக்கிட்டேன். சுடத் தெரியாதவன் கையில குடுத்தேன் பாரு, அது என் தப்புதான். தள்ளி நில்லு, மண்டையில விழப்போவுது."

சாயங்காலத்துக்குள் சுவர் மொட்டையானது. அந்தக் காகிதத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நான் கிழிக்கப் போனபோது அத்தை என் கையைப் பிடித்தார்.

"ஒட்டினவன் வந்து கிழிக்கட்டும். அதுவரைக்கும் இந்தச் சுவத்துக்கு என்கிட்டேருந்து ஒரு ஓடு வராது."

இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. யாரும் வரவில்லை.