இடிமாறனின் இடது கை

பத்து வயது முடிவதற்குள் நான் நாற்பது பேரையாவது வெட்டிச் சாய்த்திருப்பேன். எல்லாரும் மந்திரவாதி தூமகேசனின் ஆட்கள் என்பதால் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வெட்டியவன் இடிமாறன், வெட்டச் சொன்னவள் நான். ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் என்னைவிடப் பெரிய எழுத்தாளர் யாரும் அப்போது கிடையாது. வேறு யாரும் எழுதவே இல்லை என்பது வேறு விஷயம்.

தாள் கொடுத்தது சித்தப்பா. அப்பாவும் அவரும் பாரூரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். கல்யாணம் ஆகாத சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள்களைக் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிக் கொண்டுவருவார். முன்பக்கம் ஏதோ இரும்புச் சாமானின் அளவுகள், பின்பக்கம் என் ரத்த ஆறு. குருபரப்பள்ளி தாண்டும்போது பஸ்ஸிலிருந்து தெரிகிற பாறைக் குன்றைத் தூமகேசனின் கோட்டை ஆக்கினேன். பாரூர் ஏரியில் ஏழு தலைப் பாம்பை விட்டேன். படமும் நானே போடுவேன். இடிமாறனுக்கு மீசை மட்டும் சித்தப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அவரை உட்காரவைத்துப் புது அத்தியாயத்தைப் படித்துக் காட்டுவேன். அவர் தூங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு ஞாயிறு, கதை சப்பென்று போகிறதே என்று, தூமகேசன் வீசிய நெருப்புச் சக்கரம் இடிமாறனின் வலது கையைத் துண்டித்ததாக எழுதினேன். சித்தப்பா "ஐயோ!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை, கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்துகிற பிரஸ் மெஷினில் சித்தப்பாவின் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

செய்தது நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தைரியம் வந்துவிட்டது. வெட்டியது நான் என்றால் ஒட்டவைப்பதும் என்னால் முடியும்தானே? தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இனிமே அவன மெஷின்ல நிறுத்த மாட்டாங்களாம். ஸ்டோர்ல வர்ற சாமான், போற சாமான் எழுதி வெக்கிற வேல இருக்குதாம். ரெண்டு மாசத்துல வந்து எழுதிக் காட்டுனா குடுப்பாங்க. இல்லன்னா ஊருக்குப் போயி என்னா பண்ணுவான்? கரும்பு வெட்டறதுக்கும் கை வேணுமே."

கேட்டேன், அவ்வளவுதான். நான் மந்திரம் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அற்று விழுந்த கையே, எழுந்து வா!
இடிமாறன் தோளிலே பொருந்தி வா!

கை ஒட்டிக்கொள்ளும் அத்தியாயம் ஆறு பக்கம் வந்தது. சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். அதுவரை இருந்த தைரியமெல்லாம் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் போய்விட்டது. "நான்தான் சித்தப்பா அப்பிடி எழுதிட்டேன்" என்று அழுதேன். "இப்ப திருப்பி ஒட்டவெச்சுட்டேன், கேளு."

அவர் சிரிக்கவில்லை. ஆறு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "மெஷினுக்கு உன் கதையெல்லாம் தெரியாது கண்ணு. நீ அழுவாத" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. அந்தக் கைய ஒட்ட வேணாம். போனது போவட்டும். இடது கையில கத்திய எடுக்கட்டும்" என்றார்.

"இடது கையிலயா? தோத்துருவான் சித்தப்பா."

"மொதல்ல தோப்பான். அப்பறம் பழகிக்குவான். எழுது."

எழுதிய ஆறு பக்கத்தைக் கிழிப்பது எந்த எழுத்தாளருக்கும் லேசான காரியம் இல்லை. அவருக்காகக் கிழித்தேன். இடிமாறன் இடது கையில் வாளை எடுத்தான்; கீழே போட்டான்; தன் காலிலேயே குத்திக்கொண்டான்; கோட்டைக் காவலர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இடத்தைச் சித்தப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

மறுநாளே அந்த அதிசயம் தொடங்கியது. சித்தப்பா என் கதையைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போது உட்கார்ந்தால், திரும்பி வரும்போதும் எழுதிக்கொண்டிருப்பார். என் கதையை ஒருவர் படியெடுக்கிறார் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் எழுத்துதான் சகிக்கவில்லை. 'தூமகேசன்' என்ற ஒரு பெயரே வரி முழுக்க அடைத்துக்கொண்டு கோணலாக மேலே ஏறிப் போனது. சிவப்புப் பேனாவால் திருத்தி மார்க் போட்டேன். முதல் நாள் பத்துக்கு ஒன்று.

"ஒண்ணாங் கிளாஸ் பசங்க மாதிரி எழுதற சித்தப்பா. அஞ்சு தடவ எழுது."

எழுதினார். அம்மா என் தலையில் குட்ட வந்தபோது, "உடுங்க அண்ணி, டீச்சரு சொன்னா கேக்கணும்" என்று தடுத்தார். ஒரு நாள், "பாப்பா, எண்ணு நெறைய வர்ற மாதிரி எழுதேன். எத்தன அம்பு, எத்தன கேடயம்னு" என்று கேட்டார். கதையின் அழகு கெடும் என்று தெரிந்தும், வாசகர் ஆசைப்படுகிறாரே என்று, தூமகேசனின் ஆயுதக் கிடங்கில் 248 ஈட்டி, 36 கேடயம், 1,150 அம்பு என்று இரண்டு பக்கத்துக்கு நிரப்பினேன். அவருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பத்துக்கு எட்டு வாங்கியதும் அந்தப் பக்கத்தில்தான்.

ஒரு திங்கட்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு கம்பெனிக்குப் போனார். சாயங்காலம் மைசூர்பாக்கோடு வந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இரண்டு துண்டு கிடைத்தது.

அந்த ஞாயிறு இடிமாறன் இடது கையாலேயே தூமகேசனின் தலையைச் சீவினான். படித்து முடித்துப் பேனாவை நீட்டினேன். சித்தப்பா வாங்கவில்லை.

"ஸ்டோர்ல நாள் பூரா எழுதிகினுதான கண்ணு இருக்கறேன். கை நோவுது" என்று இடது கையை உதறிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறார் என்றால், அந்த ஸ்டோரில் என்னைவிட நன்றாகக் கதை கட்டுகிற ஆள் எவனோ இருக்கிறான். பொறாமையில் அன்றைக்கே அடுத்த அத்தியாயத்தை ஆரம்பித்தேன். ஸ்டோர்காரன் என்று ஒருவனை உண்டாக்கி, பாரூர் ஏரிக்கரையில் நிறுத்தி, ஏழு தலைப் பாம்புக்கு இரையாகக் கொடுத்தேன். அதைப் படித்துக் காட்டியபோது சித்தப்பா ஏன் கண்ணில் தண்ணீர் வரும்வரை அப்படிச் சிரித்தார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.