நன்றி: அண்ணன் சிவசங்கர்

கச்சிராயபாளையத்தில் அந்தத் தெருவில் காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ, கருமாதியோ, வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது தேவிப்ரியாதான். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது கற்றுக்கொண்ட வேலை. அவள் அண்ணன் சிவசங்கர் கரும்பு வெட்டப் போய், ஆன்லைன் வகுப்புக்கென்று ஒரு போன் வாங்கித் தந்திருந்தான். வகுப்பு நடந்ததோ இல்லையோ, போன் சும்மா இருக்கவில்லை.

அந்த வேலையில் அவள் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. யார் முகத்தையும் விடக்கூடாது. பக்கத்து வீட்டு ஆயம்மாள் பேத்தியின் காதுகுத்து வீடியோவில், சீர்த்தட்டு தூக்கி வந்த நாத்தனார் முகம் எப்படியோ விட்டுப்போயிற்று. அந்த அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "எங்க மூஞ்சி மட்டும் ஒனக்கு ஆவலையா? நாங்க இன்னா வேண்டாதவங்களா?" மண்ணை வாரித் தூற்றாததுதான் பாக்கி. பந்தியில் இலை போடாமல் விட்டால்கூட மன்னித்துவிடுவார்கள் போலிருக்கிறது, வீடியோவில் விட்டால் மூன்று தலைமுறைக்கும் பேச்சு இல்லை. அன்றிலிருந்து, வந்தவர், நின்றவர், தண்ணீர் மொண்டு கொடுத்தவர் எல்லாருக்கும் தலைக்கு ஒரு விநாடி, கடைசியில் பேர் போட்டு நன்றி என்று வைத்துக்கொண்டாள். அப்புறம் சண்டையே வரவில்லை.

2021 ஜனவரியில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் பள்ளி திறந்தார்கள். தேவிப்ரியாவின் பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பது பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் கரும்பு வெட்டவும் திருப்பூருக்கும் போயிருந்தார்கள். தலைமையாசிரியைக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"நோட்டீஸ் அடிச்சா எவனும் படிக்கமாட்டான். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வாங்கன்னு ஒரு பாட்டு வீடியோ பண்ணுங்க. வாட்ஸ்அப்புல அதுதான போவுது?" என்றார்.

மூன்று பேர் சேர்ந்தார்கள். கரியாலூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எழில்மதி பாட, ராதிகா படம் பிடிக்க, வெட்டி ஒட்டுவது தேவிப்ரியா என்று முடிவாயிற்று. பாட்டை மூன்று பேரும் கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள். ஆடியவர்கள் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்ததால் வாயசைப்புத் தொல்லையே இல்லை. மாஸ்க்குக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பது சுகாதாரத் துறைக்கே தெரியாது.

ஒரே ஒரு காட்சிதான் இழுத்தடித்தது. எழில்மதி நடு ரோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டு பாடி வர வேண்டும். முன்னால் போகும் பைக்கில் ராதிகா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். அணைக்குப் போகும் ரோட்டில் கரும்பு லாரியும் டவுன் பஸ்ஸும் விட்டால்தானே?

அந்தச் சமயத்தில்தான் மறியல் வந்தது. தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் புளியமரக் கிளை ஒன்றை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. தேவிப்ரியா அண்ணனிடம் ஓடினாள்.

"ண்ணா, பைக்க எடுண்ணா. இன்னிக்கி வுட்டா ரோடு கெடைக்காது."

சிவசங்கர் யோசித்தான். அவனும் அந்தச் சாதிதான். ஆனால் மறியலுக்குக் கூப்பிட்டவர்களிடம், "கேஸு ஆச்சின்னா என் வேல போயிடும், என்ன வுட்ருங்க" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு ஒதுங்கி இருந்தான். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதியிருந்தான். தினமும் விடியற்காலையில் அணைக்கரையில் ஓட்டம். அப்பா ராஜாங்கத்தின் ஒன்றரை ஏக்கர் கரும்பை நம்பிய அந்த வீட்டில், மாதச் சம்பளம் என்ற ஒன்றை அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தங்கை கேட்டால் அவனுக்குத் தட்டத் தெரியாது.

மத்தியானம் மறியல்காரர்கள் மாந்தோப்பில் புளிச்சோறு சாப்பிடப் போன நேரம் பார்த்துப் போனார்கள். சிவசங்கர் கிளையை இழுத்து ஓரமாக ஒதுக்கினான். மூன்று தடவை பைக் ஓட்டினான். மூன்றாவது தடவை எழில்மதி சிரிக்காமல் பாடினாள்.

"அப்பிடியே வுட்டுட்டு வாண்ணா, போலாம்" என்றாள் ராதிகா.

"அவங்க வெச்சத நாம நவுத்திட்டுப் போனா சண்டைக்கி வருவாங்க" என்று சொல்லிவிட்டு, கிளையை மறுபடி இழுத்து இருந்த இடத்திலேயே போட்டான் அவன். அவ்வளவு நாகரிகம் தெரிந்த பிள்ளை. ஒதுக்கியது, திரும்பப் போட்டது இரண்டையும் ராதிகா தேவிப்ரியாவின் போனிலேயே விளையாட்டுக்கு எடுத்து வைத்தாள்.

தேவிப்ரியா மூன்று நாள் உட்கார்ந்து வெட்டினாள். போனில் இடம் போதாததால், ஒரு பகுதி முடிந்ததும் அதற்கான காட்சிகளை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். கடைசியில் வழக்கப்படி எல்லாருக்கும் ஒரு விநாடி. சைக்கிள் கொடுத்தவர், தண்ணீர் கொடுத்த டீக்கடைக்காரர், அப்புறம் அண்ணன். மாஸ்க் தாடைக்கு இறங்கியிருக்க, இரண்டு கையும் கிளையில் இருக்க, சிரித்துக்கொண்டிருந்தான். கீழே மஞ்சள் எழுத்தில் 'நன்றி: அண்ணன் சிவசங்கர்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு இதயமும் வைத்தாள்.

பாட்டு ஒரே நாளில் ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் ஆயிற்று. அந்த வாரத்திலேயே ஒன்பது பேர் பள்ளிக்குத் திரும்பினார்கள். தலைமையாசிரியை வகுப்புக்கே வந்து கைதட்டச் சொன்னார். தேவிப்ரியாவுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வாரம் போலீஸ் வந்தது. மறியலில் இருந்தவர்களின் போட்டோ அவர்களிடம் இருந்தது, பேர்தான் இல்லை. மரத்தில் கை வைத்த ஒருவனுக்கு மட்டும் பேரும் இருந்தது. அதுவும் இதயத்தோடு.

"யார்ரா பேரு போட்டது?" என்று ஸ்டேஷனில் கேட்டார்களாம்.

தங்கை பேரைச் சொன்னால் அவளையும் கூப்பிடுவார்கள், பரீட்சை வேறு வருகிறது. "நான்தான் சார் போட்டன்" என்றான் சிவசங்கர். மறியல் கேஸில் அவனையும் சேர்த்து எழுதிக்கொண்டே, ஆதாரத்தையும் நீயே தயார் பண்ணிக் கொடுத்துவிட்டாயா என்று சிரித்தார்களாம்.

தேவிப்ரியா போனைக் குடைந்தாள். முழுக் காட்சி எதுவும் இல்லை. அந்த ஒரு விநாடிதான் மிச்சம். அதில் அண்ணன் கிளையை ஒதுக்குகிறானா, திரும்பப் போடுகிறானா? வெட்டி ஒட்டிய அவளுக்கே தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். முதல் பத்துத் தடவை நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொடுகிறது என்று மட்டும் தெரிந்தது.

பிப்ரவரி கடைசியில் தனி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. தெருவெல்லாம் வெடி. மறியல்காரர்கள் வீடு வீடாக லட்டு கொடுத்தார்கள், இவர்கள் வீட்டுக்கும் வந்தது. தேவிப்ரியா தின்றாள். இனித்தது. சிவசங்கர் பின்னால் எழுத்தில் தேறினான், ஓட்டத்தில் தேறினான், கயிறு ஏறினான். கடைசியில் கேஸ் நிலுவையில் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். நவம்பரில் கோர்ட் அந்த ஒதுக்கீட்டையும் ரத்து செய்தது. கேஸ் மட்டும் அப்படியே இருந்தது.

ராஜாங்கம் மகனைத் திட்டாத நாள் இல்லை. சோறு தொண்டையில் இறங்க அவருக்கு அது தேவைப்பட்டது. சிவசங்கர் மறுபடி கரும்பு வெட்டப் போனான். தேவிப்ரியா கள்ளக்குறிச்சியில் கல்லூரி சேர்ந்தாள். வீடியோ வெட்டித் தரக் கேட்டு வந்தவர்களிடம் போன் ரிப்பேர் என்றாள். ஸ்டேஷனில் சொன்னதையே அண்ணன் வீட்டிலும் சொல்லியிருந்தான். பேர் போட்டது அவள்தான் என்பது வீட்டில் அண்ணனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா கொளஞ்சியம்மாள் குழம்பு ஊற்ற, தேவிப்ரியா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனோடு தேர்வு எழுதிய பையன் போலீஸ் ஆகிவிட்டான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராஜாங்கம் ஆரம்பித்தார்.

"வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கினானாம். தன் பேர தானே போட்டுக்கற அளவுக்கு ஒனக்கு இன்னாடா பெரும? எந்தக் கேனயனாவது செய்வானா?"

சிவசங்கர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நான்தாம்பா போட்டன்" என்றாள் தேவிப்ரியா.

ராஜாங்கத்தின் கை தட்டில் நின்றது. கொளஞ்சியம்மாள் கரண்டியோடு திரும்பினாள்.

"ண்ணா போடல. எனக்குத்தான் பழக்கம், எல்லாருக்கும் போடுவன். நான்தான் போட்டன்."

சிவசங்கர் தலையைத் தூக்கவே இல்லை. "அவளுக்கு இன்னாபா தெரியும்? நான் போடச் சொன்னன், போட்டா" என்றான்.

அவன் சொல்லவே இல்லை. அப்படி ஒரு பேர் வரப்போகிறது என்றே அவனுக்குத் தெரியாது.

"அதான பாத்தன்" என்று ராஜாங்கம் மறுபடி சோற்றை அள்ளி, மறுபடி அவனையே திட்ட ஆரம்பித்தார். ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லியாயிற்று. சொல்லியும் அது அவள் பேரில் ஏறவில்லை. இப்போதாவது அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை.

சிவசங்கர் தட்டை நீட்டினான். அவள் சோறு போட்டாள்.