நூறாவது மாடிக்கு ஏறலாமா?

மாமனார் இறந்து வருஷம் திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. திருப்பதியில் குடியிருந்துகொண்டு மலை ஏறாமல் இருப்பது லேசான காரியமில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலைதான். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகக்கூடாது. மாமியார், புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தை விட்டு எங்களோடு வந்த நாளிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. அவரைத் தனியே விட முடியாமல் நானும் தாண்டவில்லை. இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவரும் டிவி சத்தமும். எனக்கு மூச்சு முட்டியது.

அப்போதுதான் துபாயில் இருக்கும் என் தங்கை கூப்பிட்டாள். டிக்கெட்டும் அவளே போட்டுவிட்டாள். தங்கை வீடுதானே என்று யாரும் தடுக்கவில்லை; மாமியாருக்குத் துணையாக அந்த வாரம் கணவர் லீவு போடுவதாக ஏற்பாடு. சிக்கல், அங்கே இருக்கும் நூறு மாடிக் கட்டிடத்தால் வந்தது. உச்சியில் நின்று ஊரைப் பார்க்கலாமாம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், சாயங்காலத்துக்குள் சொல் என்றாள்.

என் கணவர் தானாக எதையும் முடிவு செய்கிறவர் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் முழங்கினார்.

"நைனா போயி வருசம் திரும்பல. ஒசரம் ஏறக்கூடாதுன்னா ஏறக்கூடாது. மலையா இருந்தா இன்னா, மாடியா இருந்தா இன்னா?"

"அப்ப ஏரோப்ளேன்?" என்றேன்.

"அதுல நீயாம்மா ஏறுற? குந்திக்கினுதானே போற. அது வேற."

அங்கேயும் லிஃப்ட்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் கண்ணைக் காட்டினார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கட்டிடத்தைப் பார்க்காவிட்டால் குடிமுழுகிப் போகாதுதான். ஆனால் கடல் தாண்டிப் போயும் நான் இந்த வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதாக ஆகிவிடும்.

தங்கை மறுபடி கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லப்போன நேரத்தில், அதுவரை டிவியையே பார்த்துக்கொண்டிருந்த மாமியார் என் பக்கம் திரும்பினார். தீட்டு விஷயத்தில் கறாரானவர். இவரும் ஒரு பாட்டம் தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அங்க மேலேர்ந்து பாத்தா இன்னா தெரியும்?"

"ஊரு, கடலு, பாலைவனம் எல்லாம் தெரியுமாம் அத்தே."

"இந்த வூடு தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துபாய்லேர்ந்து எப்படி அத்தே தெரியும்?"

"தெரியாதில்ல?" என்றார். அவர் சிரிக்கவில்லை. "அப்ப நல்ல எடந்தான். ஏறிட்டு வா."