அட்டையில் பஸ்ஸின் இடம்

பக்கவாதம் வந்தபோது என் மனைவிக்கு எல்லாச் சொற்களும் போய்விட்டன. ‘ங்க’ மட்டும் மிஞ்சியது. சோறு வேண்டும் என்றாலும் ‘ங்க’, வேண்டாம் என்றாலும் ‘ங்க’. வலது கையும் விழுந்துவிட்டது.

“அம்மாவுக்கு மரியாதை மட்டும் போகலீங்க, பாருங்கப்பா” என்று மகள் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சரவணம்பட்டியிலிருந்து சனிக்கிழமைதோறும் வரும் அவள்தான் அந்தப் படங்களை வாங்கிவந்தாள். குழந்தைகள் சன்னல் கண்ணாடியில் ஒட்டி விளையாடுபவை. பசை கிடையாது. ஒரு பக்கம் பளபளவென்று பூச்சுப் பூசிய கெட்டி அட்டை. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படங்கள் தாமாகவே பற்றிக்கொண்டிருக்கும். உரித்துக் கண்ணாடியில் வைத்தால் அங்கே பற்றிக்கொள்ளும். மொத்தம் இருபத்துநான்கு. படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்குங்கள் என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் சொல்லியிருந்தார்.

கட்டிலை பீரோக் கண்ணாடியை ஒட்டிப் போட்டோம். இடது கையால் உரித்து ஒட்டப் பழகினாள். குடை என்றால் குளிக்க வேண்டும். நிலா என்றால் விளக்கை அணை. கோழி என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடு. அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்துவிட்டது.

“ஏனுங்கக்கா, நான் கோழியா? இருங்க, நாளைக்கு முட்டை போட்டுத் தாரேன்” என்றாள். என் மனைவி தோள் குலுங்கச் சிரித்தாள்.

எனக்கு வேறு கவலை. கண்ணாடியிலேயே விட்டால் படத்தில் தூசி ஏறும். தூசி ஏறினால் பிடிப்பு போகும். கீழே விழும், யாராவது பெருக்கித் தள்ளிவிடுவார்கள், அவளுக்கு ஒரு சொல் குறைந்துவிடும். பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு எண்ணாமல் தூக்கம் வருமா? அட்டையில் ஒவ்வொரு படத்துக்கும் அதன் வடிவத்தில் கோடு போட்டிருக்கும். சாயங்காலமானால் எல்லாவற்றையும் அதனதன் கோட்டுக்குள் வைத்து எண்ணிவிடுவேன். பூச்சுள்ள பக்கத்தில்தான் வைக்க வேண்டும். பின்பக்கம் வெறும் காகிதம், படத்தில் நார் நாராக ஒட்டிவிடும்.

பஸ் படம்தான் எனக்குப் புரியவில்லை. உக்கடம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தால் கண்ணாடியில் பஸ் இருக்கும்.

“எங்க புள்ள போகோணும்? உன்ற தம்பி ஊட்டுக்கா?”

‘ங்க’ என்று ஓங்கிச் சொல்லி, படத்தை உரித்து அட்டையில் வைத்துவிடுவாள். ஆமாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் பிறந்த வீடு சோமனூரில். பத்து நாள் இருக்கட்டும் என்று மகளின் காரில் கொண்டுபோய், படங்களையும் அட்டையையும் கொடுத்து, விட்டுவிட்டு வந்தோம். மூன்றாம் நாளே மைத்துனர் போன் செய்தார்.

“மச்சான், அக்கா சன்னல்ல பஸ்ஸை ஒட்டிப்போட்டு கேட்டையே பார்த்துட்டு இருக்குதுங்க.”

“ஒரு நடை பஸ் ஸ்டாப்புக்குத்தான் கூட்டிட்டுப் போய்ப் பாருங்களே.”

“அதையும் செஞ்சுபோட்டேனுங்க. வீல்சேர்ல வெச்சுத் தள்ளிட்டுப் போனேன். ஏறோணும்னு கேட்கலீங்க. எறங்கறவங்க மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அழுவுது.”

மகளும் நானும் அன்றே போனோம். சன்னலில் பஸ் இருந்தது. என்னைக் கண்டதும் அவள் எட்டி அதை உரித்தாள். மடியிலிருந்த அட்டையில் பஸ்ஸின் கோட்டுக்குள் வைத்து, ஒருமுறை தட்டினாள். “ங்க” என்றாள்.

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். “அப்பா, நீங்கதானுங்கப்பா பஸ்ஸு.”

“என்ன சொல்றே?”

“பால்காரர் வந்து உங்களைக் கேட்டா அம்மா என்ன சொல்லுவாங்க? ‘பஸ்காரரு ஊட்ல இல்லீங்க’. பேரா சொல்லுவாங்க?”

சொல்லமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. என்னைக் கூப்பிட ‘ஏனுங்க’, பிறரிடம் சொல்ல ‘பஸ்காரரு’. அவள் வயதுப் பெண்கள் எங்கள் பக்கம் அப்படித்தான். நான் வெளியே போன போதெல்லாம் நான் எங்கே என்று கேட்டிருக்கிறாள். வந்ததும் கேள்வியை எடுத்து வைத்திருக்கிறாள். அவளைத்தான் நான் பத்து நாளைக்கென்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றே அழைத்துவந்தேன். அதன்பிறகு வெளியே போவதைக் குறைத்தேன். பஸ் பெரும்பாலும் அட்டையிலேயே நின்றது. அதுவும் நீடிக்கவில்லை. ஒரு காலையில் மாத்திரை வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தேன். திரும்பிவந்தபோது அவள் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பீரோக் கண்ணாடியில் பஸ் இருந்தது.

இப்போது அட்டையில் இருபத்துமூன்று படங்கள். பஸ்ஸின் கோட்டுக்குள் மட்டும் பூச்சு தேய்ந்து சாம்பல் நிறக் காகிதம் தெரிகிறது. அத்தனை முறை எடுத்து வைத்திருக்கிறாள். கண்ணாடியிலுள்ள பஸ்ஸின் ஓரம் வெயிலில் சுருண்டுகொள்கிறது, ஈரவிரலால் அமுக்கிவிடுகிறேன்.

“அட்டையில எடுத்து வைங்கப்பா, தூசி ஏறுது” என்கிறாள் மகள். எனக்குத் தெரியாததா?

வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, “வந்துட்டேன் புள்ள” என்கிறேன். எடுத்து வைப்பது அவள் வேலை.