எழும்பாத சுஜூது

எனக்கு எட்டு வயதிருக்கும். அலவத்துகொடையில் எங்கள் வீட்டில் அந்த நோன்பு முழுக்க வாப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே திரிந்தார். நெஞ்செரிச்சல். புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். ஆனால் டொக்டரிடம் போகமாட்டார்.

"போனா நோம்ப உடச் சொல்லுவாரு. அது ஏலா" என்பார்.

வாப்பாவின் வாப்பா நெஞ்சுவலியில் மௌத்தானவர். அதனால் உம்மாவுக்குப் பயம். டொக்டரிடம் போகச் சொல்லித் தினமும் கத்துவார்.

அன்று நல்ல மழை. வாப்பா பள்ளிவாசலுக்குப் போகவில்லை. பாங்கு சொன்னதும் கஞ்சியும் ரோல்ஸும் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு மஃரிப் தொழ நின்றார். பின்னால் உம்மாவும் நானும்.

சுஜூதுக்குப் போனோம். வாப்பா எழும்பவில்லை. தொழவைப்பவர் தலையைத் தூக்குமுன் நாம் தூக்கக் கூடாது என்று மதரஸாவில் படித்திருந்தேன். நெற்றியைப் பாயில் வைத்தபடி தஸ்பீஹை ஓதினேன். திரும்பத் திரும்ப ஓதினேன். முன்னால் இருமல் கேட்டது. பிறகு மூச்சு திணறுகிற சத்தம். பக்கத்தில் உம்மாவின் மூச்சும் வேகமாக வந்தது. அவரும் தலையைத் தூக்கவில்லை. தொழுகையை முறிப்பது சின்ன விசயமா?

"யா அல்லாஹ்!" என்று கடைசியில் உம்மாதான் எழும்பி ஓடினார். வாப்பா நெஞ்சைப் பிடித்தபடி ஒருபக்கம் சரிந்து கிடந்தார். முகமெல்லாம் வியர்வை.

த்ரீவீலில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசீஜீ எடுத்தார். தாள் வெளியே வர வர உம்மா ஸலவாத்து ஓதிக்கொண்டே இருந்தார்.

"ஹார்ட் நல்லா ஈக்கிது. இது வயித்து அசிட் மேல வாறது. சாப்பாடு விழுங்கக்குள்ள அடைக்கிதா? உடம்பு மெலிஞ்சதா? மலம் கறுப்பாப் போகுதா?"

எல்லாவற்றுக்கும் வாப்பா இல்லையென்று தலையாட்டினார். பிறகு மெல்லக் கேட்டார். "நோம்ப உடணுமா டொக்டர்?"

"யாரு சொன்ன? ஈத்தம்பழமும் தண்ணியும் எடுத்து நோம்பத் தொறங்க. தொழுதுட்டு, கொஞ்சமாச் சாப்பிடுங்க. குளிசைய விடியச் சஹர் சாப்பாட்டுக்கு அர மணித்தியாலம் முந்திப் போடுங்க. சாப்பிட்ட உடன படுக்க வாணாம். கொஞ்ச நாளைக்கிக் குனியவும் வாணாம், கதிரையில இருந்து தொழுங்க."

"இதக் கேக்கத்தானே நான் இவ்வளவு நாளும் தொண்ட கிழியக் கத்தின" என்றார் உம்மா.

மறுநாள் வாப்பா வீட்டில் கதிரையில் இருந்து தொழுதார். பள்ளியில் பெரிய மனுசருக்குப் போடுவது போன்ற கதிரை எங்கள் வாப்பாவுக்கும் கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை. சுஜூது வந்தபோது தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினார். கண்ணீர் தாடியில் இறங்கியது. இன்னும் எரிகிறதாக்கும் என்று நினைத்தேன். ஸலாம் கொடுத்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

நெற்றி நிலத்தில் படவில்லையே என்று ஒரு மனுசர் அழுவார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.