சாவித் துளை இல்லாத டேஷ்போர்டு பெட்டி

வண்ணார்பேட்டையில் இருபத்தெட்டு வருஷம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருந்தேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன் என்று எத்தனையோ வேலை. அதில் சொதப்பியவை நிறைய உண்டு, அவற்றையெல்லாம் மறந்துவிட்டேன். ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்த இந்த வேலையைத்தான் மறக்க முடியவில்லை.

1. பூட்டு

தொண்ணூறுகளின் கடைசியில்தான் ரிமோட் லாக் கிட் எங்கள் பக்கம் வந்தது. ஒரு ரிசீவர், நாலு மோட்டார், தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட். கதவுக்கு மாட்டச் சொல்லி வருகிறவர்களே அபூர்வம். வக்கீல் சிதம்பரநாதன் ஐயா தன் அம்பாசடரைக் கொண்டுவந்து, கதவு வேண்டாம், டேஷ்போர்டு பெட்டிக்கு மட்டும் போடு என்றார்.

"பெட்டிக்கு மட்டும் எதுக்குங்கய்யா?"

"பெட்டிக்குள்ள வைக்க பத்திரத்துல என்ன இருக்குன்னு எதிர் வக்கீலுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு வே. பெட்டிச் சாவி ஒண்ணு முத்தையாகிட்டயும் கெடக்கு. நான் அவனத்தான் நெனைக்கேன்."

முத்தையா அவருடைய டிரைவர். பதினைந்து வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர். இந்தப் பேச்சு நடக்கும்போது அவர் எதிர்க் கடையில் ஐயாவுக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய பூட்டைக் கழற்றி, சாவித் துளையைத் தகடு வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்தேன். மோட்டாரை உள்பக்கம் கொண்டிக்கு நேராகப் பொருத்தினேன். இப்படிப்பட்ட பூட்டுக்கு அவசரத்துக்கு இழுத்துத் திறக்க ஒரு கம்பி விடுவது என் வழக்கம். "அதெல்லாம் வேண்டாம் வே" என்று ஐயா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

வேலைக்காகப் பெட்டியைக் காலி செய்தபோது பத்திரங்களோடு ஒரு மாத்திரைப் பட்டையும் வந்தது. முத்தையா அதைக் கையில் வாங்கிக்கொண்டார். "நாக்குக்கு அடியில வைக்க மாத்திரை அண்ணாச்சி. ஐயாவுக்கு நெஞ்சு வலிச்சா நான்தான் எடுத்துக் குடுப்பேன்" என்றார். வேலை முடிந்ததும் அந்தப் பட்டையை நானே திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன். இனி இதை யார் எடுத்துக் கொடுப்பார் என்று ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரிய வக்கீல், சள்ளென்று விழுவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

2. பேட்டரி

கோர்ட் விடுமுறையில் வண்டி சும்மா நின்றதில் பேட்டரி இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டுதான் கடைக்கு வந்தார்கள். பழைய பேட்டரி, அதில் ரிசீவர் இருபத்துநாலு மணி நேரமும் கரண்டை உறிஞ்சினால் எப்படித் தாங்கும்? பேட்டரியில் நேராகக் கொடுத்திருந்த வயரை இக்னிஷன் லைனுக்கு மாற்றினேன். இனிமேல் வண்டிச் சாவியைப் போட்டுத் திருப்பியிருந்தால்தான் ரிமோட் வேலை செய்யும். ஐயாவிடம் விளக்கிச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் முத்தையா பைய என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு அவசரம்னா அந்தப் பெட்டிய எப்படித் தொறக்கணும்?"

"அது ஐயாவுக்கும் எனக்கும் உள்ள விஷயம். நீரு வண்டிய ஓட்டுத சோலியப் பாரும்."

அவர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். என் நாக்கு அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. முதலாளி சந்தேகப்பட்டால் அந்த ஆள் கள்ளன்தான் என்று நானும் முடிவு கட்டியிருந்தேன்.

3. முக்கூடல் ரோடு

அடுத்த வாரமே ஆழ்வார்குறிச்சியில் ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் போகும் வழியில், முக்கூடல் தாண்டி ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்து, வண்டியிலேயே உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மெட்ராஸில் வேலை பார்க்கும் அவருடைய மகன் வண்டியோடு என் கடைக்கு வந்தான். கூடவே முத்தையா, தாடியும் மீசையுமாக.

டேஷ்போர்டு பெட்டியின் மூடி நெளிந்து தொங்கியது. ஜாக்கி லீவரால் நெம்பியிருந்தார்கள்.

"ரிமோட் வேலை செய்யலன்னு இவன் சொல்லுதான். நீங்களே பாருங்க" என்று மகன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, ரிமோட்டை அழுத்தினான். மோட்டார் டக்கென்று அடித்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி டக். "எங்கப்பா சாகட்டும்னே நின்னுருக்கான். நான் போலீசுக்குப் போகப் போறேன். வேலை செய்யுதுன்னு நீங்க எழுதிக் குடுங்க."

முத்தையா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வண்டிய ஓரங்கட்டி எறங்கி, பேச்சு வராமக் கெடந்த ஐயா பையிலேருந்து ரிமோட்ட எடுத்து அமுக்குனேன் அண்ணாச்சி. எத்தன மட்டம் அமுக்குனேன்னு எனக்கே தெரியாது. அந்தால லீவர எடுத்து ஒடச்சேன். மாத்திர உள்ள போவும்போது ஐயா இல்ல."

வண்டியை விட்டு இறங்கினால் சாவியை உருவிக் கையில் எடுத்துவிட வேண்டும் என்பது ஐயா போட்ட சட்டம். பதினைந்து வருஷத்தில் முத்தையா அதை ஒருநாளும் மீறியதில்லை.

வயரை மாற்றியது, சாவி திரும்பியிருந்தால்தான் ரிமோட் வேலை செய்யும் என்பது, இந்த மனுஷன் கேட்டும் நான் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மகன் சாவியை உருவிவிட்டு ரிமோட்டை அழுத்திப் பார்த்தான். சத்தமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டான். முத்தையா மேல் இருந்த பழி அத்தோடு போயிற்று.

ஆனால் முத்தையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாவி என் கையிலதான இருந்துச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வயரிங் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பூட்டு யாருடையதாகவும் இருக்கட்டும், அந்த வண்டியில் ஏறுகிற அத்தனை பேருக்கும் திறக்கிற வழியைச் சொல்லிக் கொடுக்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள். முதலாளி கூடாது என்றால் அந்த வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். நான் அதன் பிறகு அப்படித்தான் செய்தேன். செய்து என்ன, போன உயிர் போனதுதான்.

முத்தையா அப்புறம் வண்டி ஓட்டவில்லை. டவுணில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் வாட்ச்மேனாக நின்றார். ஒருநாள் அங்கே போய் மன்னிப்புக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், கோபமே இல்லை.

"நீரு அன்னைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி, பூட்டு ரிப்பேருன்னு. சாவி விசயம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நானும் ராத்திரி தூங்கியிருப்பேன்" என்றார்.